பெயர் கூப்பிடாத வகுப்பு

பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமையும் போனில் அதையே கேட்டாய். "கிளாஸ் நடக்குதாப்பா?" நான் மழையைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னேன். கோலியனூர் கல்யாண மண்டபத்து வேலை முடிந்த கதையைச் சொன்னேன். நீ மறுபடி கேட்பதற்குள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பெற்ற மகளிடம் ஒளிக்க வேண்டும் என்று இல்லை. நடக்கிறது என்று சொன்னால் பொய். நடக்கவில்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் வேலையில்லாத இந்த ஒரு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் கஜன் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். சுவரில் பிரஷ்ஷால் பட்டையாக எழுதிப் பழகின பெயிண்டர் கை, எழுத்து பெரிதும் சிறிதுமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நீ போன அன்று நான் அழவில்லை என்று உனக்கு ஒரு குறை இருக்கும். சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ திரும்பித் திரும்பிக் கையாட்டினாய். அந்த நேரத்தில் நான் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பட்டி வெடித்திருந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் பட்டியைச் சரியாகக் காயவிடாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்களே என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் அம்மா செங்கல்பட்டு வரை அழுதாள், மேல்மருவத்தூர் தாண்டியதும் தூங்கிவிட்டாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்தோம். சர்க்கரை அதிகம். குடித்தேன். மறுநாள் காலையில் மண்டபத்துச் சாரத்தில் ஏறி நின்று சுவர் முழுக்க ரோஸ் கலர் அடித்தேன். மனசு இருந்த இடத்தில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சமமாக்கி விட்டது மாதிரி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. நான் உன் வயதுக்குப் பாதிகூட ஆகாதபோது அகதியாகப் படகில் வந்து இராமேஸ்வரக் கரையில் இறங்கினவன். அழுவதை எல்லாம் அப்போதே அழுது முடித்துவிட்டேன் போலிருக்கிறது. உன் மேல் பாசம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. பாசம் இருக்கிறது, தொட்டுப் பார்த்தால்தான் கைக்குத் தட்டுப்படவில்லை.

வகுப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அது ஆரம்பித்த விதத்தை எழுத வேண்டும் போல் இருக்கிறது. உனக்குத் தெரியாததா என்பாய். எனக்காக எழுதுகிறேன். நம் முகாமில் ஒரு அறையும் ஒரு அடுப்பும்தான் வீடு. இந்த வீட்டு டிவி அடுத்த வீட்டில் பேசும். பிளஸ் டூ படிக்கும்போது நீ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாய். அதுவும் போதாமல் ஒருநாள், ஆரம்பத்தில் அரிசி மூட்டை அடுக்கி, பிறகு வெறுமனே பூட்டிக் கிடந்த கொட்டகையின் சாவியை ஆபீஸில் கேட்டு வாங்கிவந்தாய். நீ மட்டும் படிக்கப் போனாய், இரண்டு பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள், அப்புறம் அவர்களின் தம்பி தங்கைகள். அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நீ, பத்தாவதுக்குப் பிளஸ் டூ பிள்ளைகள், எட்டாவதுக்குப் பத்தாவது, சின்னதுகளுக்கு எட்டாவது. ஒவ்வொருவரும் தனக்குக் கீழே உள்ளவருக்குச் சொல்லித் தந்துவிட்டுத்தான் தன் பாடத்துக்கு மேலே போக வேண்டும். விழுப்புரம் காலேஜில் கணக்குப் படித்தபோதும், திண்டிவனத்தில் பி.எட். படித்தபோதும், சாயங்கால பஸ்ஸில் இறங்கி நேரே கொட்டகைக்குத்தான் போவாய். அம்மா சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைப்பாள், திட்டிக்கொண்டே.

கரும்பலகை விஷயத்தில் நீ என்னை இன்னும் கேலி செய்கிறாய். செய். அனந்தபுரத்தில் ஒரு வீட்டு இரும்பு கேட்டுக்கு அடித்து மிச்சமான கறுப்பு எனாமலைக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரில் இரண்டு கோட்டிங் அடித்தேன். பளபளவென்று நின்றது. பெயிண்டர் என்ற பெருமையில் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நீ சாக்பீஸை வைத்தாய், வழுக்கிக்கொண்டு போனது. டியூப்லைட்டைப் போட்டதும் பலகையில் டியூப்லைட்தான் தெரிந்தது, பாடம் தெரியவில்லை. "அப்பா, இது போர்டா, முகம் பாக்குற கண்ணாடியா?" என்றாய். அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு நான் ஒரு ஞாயிறு முழுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பை எடுத்தேன். இடது மேல் மூலையில் கை எட்டாத ஒரு துண்டு இன்னும் மின்னுகிறது. அதில் நீ எழுத மாட்டாய்.

இன்னொன்றையும் உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வகுப்பு என்றால் அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டாமா, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எப்படித் தெரியும் என்று. பிள்ளைகள் தின்று போட்ட மல்லாட்டைத் தோலை நீ துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே சொன்னாய். "மாசாமாசம் பதிவுக்கு வரிசையில நின்னு, பேரு சொன்னா கைதூக்குற புள்ளைங்கப்பா. ஸ்கூல்லயும் பேரு கூப்பிடுறாங்க. இங்கயும் இன்னாத்துக்கு? வந்தா உக்காரட்டும், வராட்டி போவட்டும். நம்மள யாரும் எண்ணாத ஒரு எடம் இருக்கட்டுமே." எனக்கு அப்போது அது சின்னப்பிள்ளைப் பேச்சாகத்தான் பட்டது. எண்ணாமல் விட்டால் ஒழுங்கு எங்கே வரும் என்று நினைத்தேன். நான் இந்தக் கரையில் இறங்கியதிலிருந்து யாரோ என்னை எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள், எண்ணப்படாத இடத்தில் எப்படி உட்காருவது என்றே எனக்குத் தெரியாது.

உன் வகுப்பில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இதை நீ அறிவாய். நான் தடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. என்னோடு சாரத்தில் நிற்கிற கஜனைத் தினமும் பார்க்கிறவன் நான். நம் முகாமிலேயே முதலாவதாக இன்ஜினியரிங் முடித்த பிள்ளை. அவன் பட்டம் வாங்கி வந்த அன்று அந்தக் கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தைக் கொட்டகையில் மாட்டினாய். இன்டர்வியூவுக்குப் போன இடங்களில் எல்லாம் கடைசியில் பாஸ்போர்ட் கேட்டார்கள், அகதிக்கு ஏது பாஸ்போர்ட்? இப்போது அவன் என்னைவிட நன்றாகப் பட்டி பார்க்கிறான். பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் எடுக்க வா என்று நீ அவனைக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் டர்பன்டைனில் கை கழுவிக்கொண்டிருந்தேன். "நா அங்க வந்து நின்னேன்னா அதான் பாடமே. படிச்சா இன்னா ஆவும்னு புள்ளைங்க பாத்துக்கினு இருக்கும். வேணாம், வுட்டுடு" என்றான். மறுநாள் நீ அவன் படத்தைக் கழற்றவில்லை. அவன்தான் வந்து கழற்றிக்கொண்டு போனான். அடுத்த மாதமே அவன் தங்கை தர்ஷினி வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். கணக்கில் உனக்கு அடுத்து அவள்தான் என்று நீ சொல்லிக்கொண்டிருந்த பெண். பிளஸ் டூ பரீட்சை எழுதிய கையோடு திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டாள்.

அப்புறம் உன் முறை வந்தது. ஆசிரியர் தேர்வுக்கு மனு போடும்போது குடியுரிமை என்ற இடத்தில் உன் விரல் நின்றுபோனது. அன்று இரவு சாப்பிடாமல் படுத்தாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, "அங்க போனா நான் அந்த ஊரு ஆளுப்பா. டீச்சர்னு போர்டுல பேரு போடுவாங்க" என்றாய். நீ ஒருநாளும் பார்த்திராத ஊரை 'அங்க' என்று சொன்னாய். நான் ஓடிவந்த ஊருக்கு நீ டிக்கெட் எடுக்கிறாய். எனக்குக் கோபமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளைகளுக்குத்தான் கோபம். "எங்கள படி படின்னு சொல்லிக்கினு இருந்துட்டு அவுங்க போறாங்க பாரு" என்று ஒரு பத்தாவது பெண் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். உன் காதில் விழுந்ததா என்று தெரியாது. என் காதில் விழுந்தது. அவள் சொன்னது தப்பு இல்லை. நீ போனதும் தப்பு இல்லை. கிளம்பும்போது கொட்டகைச் சாவியை என் சட்டைப் பையில் போட்டு, "மூடிடாதப்பா" என்றாய். அது ஒன்றைத்தான் என்னிடம் கேட்டாய்.

மூடவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, கை கழுவி, கொட்டகையைத் திறந்து, லைட்டைப் போட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருவேன். முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். பிறகு நீ கட்டின ஏற்பாடே மேலிருந்து உதிர ஆரம்பித்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, அவர்கள் நின்றார்கள். அவர்கள் நின்றதும் பத்தாவது நின்றது. சின்னதுகள் கொஞ்ச நாள் வந்து பலகையில் மாடு, பூனை வரைந்துவிட்டுப் போயின. பிறகு அதுகளும் வரவில்லை. என்னால் எட்டாவது கணக்குக்கு மேல் முடியாது, நீயே சிரிப்பாய். அப்புறமும் நான் தினமும் திறந்து உட்கார்ந்தேன். நம்பிக்கையில் இல்லை. சாவி பையில் இருந்தது, அவ்வளவுதான். அம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்று, "ஆரப்பா வரப்போகினம் எண்டு இதில இருக்கிறியள்? வாங்கோ, சாப்பாடு ஆறுது" என்றாள். நீ போனில் கேட்ட நாட்களில் எல்லாம் இதுதான் நிலைமை.

போன செவ்வாய்க்கிழமை மாதப் பதிவு, நீ போன பிறகு வந்த முதல் பதிவு. யாரும் வேலைக்கோ கடைக்கோ போக முடியாது, எல்லோரும் முகாமில் இருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். முகாம் வாசலில், நானும் கஜனும் அகதிகள் முகாம் என்ற எழுத்தின் மேல் வெள்ளையடித்து மறுவாழ்வு முகாம் என்று எழுதினோமே, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். மழைக்குப் பிறகு பழைய எழுத்து லேசாகத் தெரிகிறது. இன்னொரு கோட்டிங் அடித்திருக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக நின்றோம். ரெவின்யூ ஆபீஸிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஆர்.ஐ. பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். என் பெயர், இருக்கேன் சார். அம்மா பெயர், இருக்கா சார். அப்புறம் உன் பெயர். தாலுகா ஆபீஸிலிருந்து உன்னை நீக்கச் சொல்லும் தாள் இன்னும் வந்து சேரவில்லை, அதனால் வாசித்தார். நீ பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் நான் சொல்வதை வாய் தானாகச் சொன்னது. "இருக்கா சார்." சத்தமாகவே சொன்னேன்.

ஆர்.ஐ. தலையைத் தூக்கினார். "எங்கய்யா? முன்னாடி வரச் சொல்லு." நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன். நிஜமாகவே உன்னைத் தேடினேன், பிள்ளை. இல்லாத ஆளை இருக்கிறதாகச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம், விசாரணை வரை போகும் என்று தெரியாதவனா நான்? இருந்தும் வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல வரவில்லை. அம்மா என் கையைக் கிள்ளினாள். "என்னப்பா, கண்ணை முழிச்சுக்கொண்டு கனவு காணுறியளோ?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரைப் பார்த்து, "அவ ஊருக்குப் போட்டா சார். எக்ஸிட் பெர்மிட்டில போனவ. இவர் பழக்கத்தில சொல்லிப்போட்டார்" என்றாள். கஜனும் பின்னாலிருந்து, "ஆமா சார், போய்ட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்" என்றான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல மனுஷன்தான். "பாத்து சொல்லுங்க பெரியவரே" என்று சொல்லிப் பேனாவை எடுத்து உன் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைக்காமல் போட்ட கோடு. நான் அதைத் தலைகீழாகப் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலம் வழக்கம்போலக் கொட்டகைக்குப் போனேன். பூட்டைத் திறக்கும் முன்னாலேயே சின்னதுகள் வாசலில் நிற்கின்றன. தலை சீவி, பொட்டு வைத்து, பையும் கையுமாக. "மாமா, அக்கா வந்துட்டாங்களா?" என்று கேட்டது ஒன்று. எனக்கு விளங்கவில்லை. "நீங்கதான காலையில சொன்னீங்க, இருக்காங்கன்னு. ஆர்.ஐ. சார்கிட்ட சத்தமா சொன்னீங்களே. நாங்க கேட்டுக்கினுதான இருந்தோம்." பெரியவர்கள் அதற்கப்புறம் பேசியதை அதுகள் காதில் வாங்கவில்லை. பதிவு நாளில் பெயருக்கு இருக்கா என்று அப்பன் சொன்னால் ஆள் இருக்க வேண்டும், அதுதான் அதுகளுக்குத் தெரிந்த சட்டம். ஒன்றுக்கொன்று சொல்லி, இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். குழாயடியில் கோபப்பட்ட அந்தப் பத்தாவது பெண்ணும் வந்தாள், சும்மா அந்தப் பக்கம் போகிற மாதிரி.

நான் கதவைத் திறந்து லைட்டைப் போட்டேன். எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பெஞ்சும் பலகையும்தான் இருந்தன. "அக்கா இல்லை" என்றேன். காலையில் வராத அந்த வார்த்தை அப்போதுதான் வாயில் வந்தது. சொல்லிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இதுகளும் எழுந்து போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. தன் சின்னத் தங்கையை அழைத்துப்போகத் தர்ஷினி வந்தாள். பதிவு என்பதால் அன்று அவளுக்கும் கடை இல்லை. "வாடி, போலாம்" என்றாள். தங்கை பையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தர்ஷினி என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், அதில் பாதி அழிந்திருந்த மாட்டைப் பார்த்தாள். துப்பட்டா நுனியால் மாட்டைத் துடைத்தாள். "சரி, ஒரு கணக்கு. ஒண்ணே ஒண்ணு. ஜல்தியா போட்டுட்டுப் போயிடணும்" என்று அந்தப் பத்தாவது பெண்ணை முன்னால் கூப்பிட்டாள்.

ஒன்று இல்லை. நிறையப் போட்டார்கள். பத்தாவது பெண் போட்டுவிட்டு, எட்டாவது பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, "இன்னா முழிக்கிறீங்க, நோட்ட எடுங்க" என்று உன் குரலிலேயே அதட்டினாள். நேரமாகிவிட்டதே என்று கஜன் தேடி வந்தான். உள்ளே வரவில்லை. பெயிண்ட் பட்ட லுங்கியோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். "தர்சு, அந்த மைனஸ பாரு" என்றான். அவள் திரும்பாமலே மைனஸைச் சரி செய்தாள். வேறு எதுவும் நடக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு நீ அங்கே சந்தோஷத்தில் குதிக்காதே. மறுநாள் தர்ஷினி கடைக்குப் போய்விட்டாள். கடைசி பஸ்ஸில்தான் வருவாள், ஞாயிறு வேண்டுமானால் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கஜன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் பட்டத்துக்கு வேலை கிடைத்துவிடவில்லை, இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். நம்பிக்கை என்கிற சொல்லை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. அன்று அந்த லைட்டின் கீழே உட்கார்ந்திருந்தபோது பசித்தது என்று மட்டும் சொல்கிறேன். நீ போனபிறகு எனக்குப் பசி என்று ஒன்று வந்தது அன்றுதான்.

அப்பா என்ற முறைக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உன் தமிழைக் கேட்டு அங்கே சிரிக்கிறார்கள் என்று நீ தங்கியிருக்கிற வீட்டு மாமி சொன்னாள். நீ 'பேஜாரா கீது' என்றால் அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நான் இங்கே வந்த புதிதில் 'கதைக்கிறேன்' என்றதற்குத் திண்டிவனம் பள்ளிக்கூடமே சிரித்தது. சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், நீ பேச்சை நிறுத்தாதே. உன் பட்டத்தைச் சரிபார்த்து வேலை தர நாளாகும். அதுவரை மாமி வீட்டில் சும்மா இருக்காதே, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவை. வேலை கிடைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கே நீ அட்டெண்டன்ஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும், சம்பளம் வாங்குகிற டீச்சர் எடுக்காமல் முடியாது. எடு. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் தலையைத் தூக்கி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போ. எனக்குத் தெரிந்து அப்படிச் செய்தவர் யாரும் இல்லை.

வகுப்பு நடக்கிறதா என்று கேட்டாய். செவ்வாய்க்கிழமை நடந்தது. நேற்றுச் சின்னதுகள் சில வந்து மறுபடி மாடு வரைந்தன, அதை நடந்ததில் சேர்ப்பாயோ மாட்டாயோ. இன்று சாயங்காலமும் திறப்பேன். செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்று அடுத்து கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். கொட்டகை நிறைய இருந்தார்கள், பிள்ளை. நான் எண்ணவில்லை.

அப்பா